மகத்தன்று கடல் ஊரில் இல்லை

தடுப்புக் கரையின் மீது முதலில் ஏறியவர் குருக்கள். ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். மார்போடு அணைத்திருந்த சூலத்தில் சுற்றிய மஞ்சள் பட்டு காற்றில் படபடத்தது. பின்னால் வந்த நாதஸ்வரக்காரர் அவர் முதுகில் இடித்து, வாசிப்பை நிறுத்தினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக மேலே ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றார்கள்.

கடல் இல்லை.

அது இருக்க வேண்டிய இடத்தில் சேறு இருந்தது. சாம்பல் நிறச் சேறு, அதன் மேல் பதினொரு மணி வெயில். மூன்று படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. கொக்குகள் நிதானமாக நடந்து எதையோ கொத்திக்கொண்டிருந்தன. வெகு தூரத்தில், வானம் தொடங்கும் இடத்தில், மெல்லிய கோடு ஒன்று மின்னியது. அதுதான் கடலாக இருக்க வேண்டும்.

“கடல் எங்கம்மா?” என்று குருக்கள் கேட்டார். பக்கத்தில் நின்றவள் என்பதால் கேள்வி எனக்கு வந்தது.

“லீவு போட்டுட்டு போயிருக்கும்லா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். குரலுக்குரிய மணியம் சிரிக்கவில்லை.

தொட்டியும் கடலும்

சில வருடங்களுக்கு முன், ஒரு மாசி மகத்தன்று நடந்தது இது. இடம், மலாய் நாட்டில் கிள்ளானைத் தாண்டி மோரிப் போகும் வழியில் ஒரு கடற்கரை.

நான் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இப்போது அதே வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். மாசி மகத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்டால், எதிர்வீட்டுப் பரமேஸ்வரியைத்தான் காட்ட வேண்டும். அவள் சாலாக் செலாத்தானில் உள்ள ஒரு சின்ன அம்மன் கோயிலின் செயலாளர். பிறந்த வீடு அந்தப் பக்கம். வீடு மாறினாலும் கோயில் மாறவில்லை.

“நீயும் வா ஸ்டெல்லா. கிள்ளான் கடலெல்லாம் நீ பேப்பர்ல எழுதுனதுதானே? எங்க ஆளுங்களுக்கு பத்துமலை தெரியும். கடல் யாருக்குத் தெரியும்?” என்றாள்.

மாசி மகத்தன்று அம்மனுக்குத் தீர்த்தவாரி நடக்கும். அம்மன் கரையில் இருக்க, அம்மனின் சூலத்தைக் குருக்கள் நீரில் முழுக்காட்டுவார். அந்த நேரத்தில் பக்தர்களும் கூடவே முங்கி எழுவார்கள். இந்தக் கோயிலில் அது பல வருடங்களாக வாசலில் வைத்த நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் நடந்துவந்தது. குழாய்த் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் பன்னீர். முங்க முடியாது என்பதால் குவளையால் தலையில் தெளித்துக்கொள்வார்கள்.

கடலுக்குப் போகலாம் என்று சொன்னவர் குருக்கள். நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வேலைப் பெர்மிட்டில் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முப்பது தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். மனைவியும் சின்னப் பெண்ணும் ஊரில். பெர்மிட் அடுத்த மாதத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டுமா என்பது கோயில் நிர்வாகத்தின் கையில் இருந்தது. நிர்வாகம் என்றால் தலைவர் மணியம்.

மணியத்துக்குச் சொந்தமாக லோரிகள் உண்டு. மண், கல், வீட்டுச் சாமான், எதையும் ஏற்றுவார். கூட்டத்தில் அவர் பேசியதைப் பரமேஸ்வரி எனக்கு அவர் குரலிலேயே நடித்துக் காட்டியிருந்தாள். “தொட்டியில நல்லாத்தானே நடந்துச்சு? இப்ப இவருக்கு கடல் வேணுமாம். சரி, போவோம். நல்லபடியா முடிஞ்சா பெர்மிட் போடுவோம். இல்லாட்டி டிக்கெட் போட்டுருவோம்.”

ஆகவே நட்சத்திரம் பார்த்தார்கள். ராகுகாலம் பார்த்தார்கள். இரண்டு பஸ்காரர்களுக்கும் வசதியான நேரம் பார்த்தார்கள். அம்மனுக்கு மணியத்தின் லோரி ஒன்றைக் கழுவி, வாழைமரம் கட்டி, பூச்சரம் தொங்கவிட்டார்கள். கடலுக்கும் ஒரு நேரம் உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லை. கிள்ளான் கடலை எழுதியவள் என்று அழைத்துவரப்பட்ட எனக்கும்தான்.

செய்தியில் வரும் கடல்

அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் தமிழ் நாளிதழ் ஒன்றில் நிருபராகவும் பிறகு துணையாசிரியராகவும் இருந்தவள். கிள்ளான் கரைக்கு என்னை அனுப்பியபோதெல்லாம் தண்ணீர் அதிகமாக இருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில், விடியும் முன்பே கடல் ஏறிக் கரையோரக் கிராமங்களான கம்பங்களுக்குள் வந்துவிடும். புகைப்படக்காரரும் நானும் அவருடைய பழைய காரில் போவோம். பாதி வழியில் சாலை தண்ணீருக்குள் போய்விடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம்.

ஒரு வீட்டில் ஒரு மலாய்க்காரப் பெண்மணி அடுப்பைச் சாப்பாட்டு மேசை மீது தூக்கி வைத்து வாழைப்பழ பஜ்ஜி பொரித்துக்கொண்டிருந்தார். கணுக்கால்வரை கடல். பக்கத்து நாற்காலியில் பூனை. எங்களைப் பார்த்ததும் என்ன ஏது என்று கேட்காமல் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி கொடுத்தார். எண்ணெயின் மணமும் சேற்றின் மணமும் சேர்ந்து அடித்தது. அன்றைய செய்தியில் பாதிக்கப்பட்ட வீடுகள் வந்தன, பஜ்ஜி வரவில்லை. இடமில்லை.

தண்ணீர் இல்லாததைப் பார்த்துவர எந்த ஆசிரியரும் நிருபரை அனுப்புவதில்லை. அதனால் என் நினைவில் அந்தக் கடல் எப்போதும் கரையை முட்டிக்கொண்டே இருந்தது.

கரையும் நான் பார்த்த கரை இல்லை. முதல் தடவை வந்தபோது இங்கே சவுக்கு மரங்கள் இரண்டு வரிசையாக நின்றன. அவற்றுக்கும் கடலுக்கும் நடுவே பையன்கள் பந்து விளையாட இடம் இருந்தது. சில வருடங்கள் கழித்து வந்தபோது முன்வரிசை மரங்கள் வேர் தெரிய விழுந்து கிடந்தன. ஒரு கோல் கம்பம் மட்டும் தண்ணீருக்குள் நின்றது. பிறகு லோரி லோரியாகக் கல் கொட்டி இந்தத் தடுப்பைக் கட்டினார்கள். சிறிது வடக்கே போனால் கதை வேறு. அங்கே சேறு சேர்ந்து, யாரும் நடாமலே கண்டல் செடிகள் முளைத்து, ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. இங்கே எடுத்த மண்தான் அங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. இங்கே குறைந்ததையும் அங்கே கூடியதையும் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு வாளி

கரையின் ஓரத்தில் இளநீர்க் கடை வைத்திருந்த பெண்ணிடம் போய்க் கேட்டேன். “செக்காராங் சூருட்லா, காக். பெத்தாங் நாய்க்” என்றாள் மலாயில். இப்போது வற்றம், சாயங்காலம் ஏறும். சொல்லிவிட்டு, கரையில் நின்ற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, இன்னொரு குலை இளநீரை வெளியே எடுத்து வைத்தாள்.

நான் இந்தச் செய்தியோடு திரும்புவதற்குள் மணியத்தின் லோரி ஆட்கள் இருவர் சேற்றில் இறங்கியிருந்தார்கள். முதல் பத்தடி கணுக்கால். பிறகு முழங்கால். ஒருவர் காலை இழுத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. குனிந்து தேடப் போனவரைக் கரையிலிருந்து பெண்கள் கத்திக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் முழங்கால்வரை சாம்பல் பூசிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

“போதும்” என்றார் மணியம். “அங்கங்க குழியில தண்ணி நிக்குது. ஒரு வாளி மோந்துட்டு வாங்க. இங்கயே ஊத்தி முடிச்சிருவோம். போட்டோக்காரன் கிட்ட நின்னு எடுத்தா கடல் மாதிரிதான் தெரியும்.”

குருக்கள் மெதுவாகச் சொன்னார்: “வாளியில ஊத்தறதுன்னா கோயில்லயே செஞ்சிருக்கலாமே அண்ணே.”

“அதத்தானய்யா நான் மொத கூட்டத்துல சொன்னேன்!”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பரமேஸ்வரிகூட. குருக்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

“மகம் அஞ்சு மணி வரைக்கும் இருக்குங்க. கடல் வரட்டும். நான் இருக்கேன்.”

“வரலன்னா?”

“வரலன்னா நீங்க அன்னிக்கு சொன்னபடி செஞ்சுக்கங்க.”

டிக்கெட் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பரமேஸ்வரி குறுக்கிட்டு, “மணியண்ணே, சாப்பாடு இருக்கு. மொதல்ல சாப்புடுவோம்” என்றாள்.

சவுக்கு நிழலில்

சாப்பிட்டோம். புளிச்சாதம், கொண்டைக்கடலைச் சுண்டல், வாயெல்லாம் சிவக்கும் ரோஸ் சீராப். மிச்சமிருந்த சவுக்கு மரங்களின் கீழே பாய் விரித்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு பாதிப் பேர் தூங்கினார்கள். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். குடும்பத்தோடு வெளியே வந்து இப்படிச் சும்மா கிடப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றியது. யாரும் கோபத்தில் இல்லை. மூன்று மணிக்கு ஒரு பஸ் கிளம்பியபோது, அதில் போனவர்கள் போகாதவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாகவே நினைக்கிறேன்.

“நீங்களும் போங்க அண்ணே. நாங்க பாத்துக்கறோம்” என்று பரமேஸ்வரி மணியத்திடம் சொன்னாள்.

“எப்படிப் போறது? ஆத்தா என் லோரியில இல்ல ஒக்காந்திருக்கா?”

குருக்கள் சாப்பிடவில்லை. கரையின் மேலே, சூலத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அதை மட்டும் குடித்தார்.

“எங்க ஊர்லயும் கடல் உள்ள போகும், வெளிய வரும். ஆனா பாய் விரிச்ச அகலந்தான். இவ்வளவு தூரம் போறத நான் ஒரு தடவதான் பாத்திருக்கேன்” என்றார்.

எந்தத் தடவை என்று நான் கேட்கவில்லை. நாகப்பட்டினத்துக்காரர் சொன்னால் புரியும்.

“மொத அலை வந்துட்டு போச்சு. அப்பறம் கடல் உள்வாங்கிடுச்சு. மீன் துள்ளுதுன்னு சில பேர் எறங்கிப் போனாங்க. நாங்க கோயில் கோபுரத்து மேல நின்னு கத்துனோம். கேக்கல.” காலி இளநீரைக் கீழே வைத்தார். “இன்னிக்கு கரை மேல ஏறிப் பாத்தப்ப, எல்லாரையும் திரும்பி ஓடுங்கன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். உங்ககிட்ட கடல் எங்கன்னு கேட்டது, வேற வார்த்த வராமத்தான்.”

“அப்படி இருக்கும்போது கடலுக்குப் போகலாம் என்று ஏன் சொன்னீர்கள்?” என்று கேட்டேன். பேட்டி எடுத்த காலத்துப் பழக்கம். எழுத்துத் தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

“அந்த வருஷம் மாசி மகம் ரெண்டு மாசத்துல வந்துடுச்சும்மா. ஒருத்தரும் கடல் பக்கம் போகல. அப்பா மட்டும் சூலத்த எடுத்துக்கிட்டு எறங்கினார். நான் கரையில நின்னு அழுதேன். அவர் முங்கி எந்திரிச்சு, துண்டக் கேட்டார்.” சூலத்தின் பட்டைச் சரிசெய்தார். “இந்தக் கடல் தினமும் போய்ட்டு சத்தமில்லாம வரும்ங்கறாங்க. அத உக்காந்து பாக்கணும்போல இருக்கு.”

இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம்.

வருவது முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை. கொக்குகள்தான் காட்டின. காலையில் நமக்கு முதுகைக் காட்டி நடந்தவை, இப்போது நம்மை நோக்கி நடந்தன. பிறகு சத்தம். சேறு முழுக்கப் பொரி வெடிப்பதுபோல் மெல்லிய சத்தம். நண்டு வளைகளில் நீர் புகும் சத்தம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தூரத்துக் கோடு தடித்துப் பட்டையானது. அலை இல்லை, நுரை இல்லை. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றினால் பரவுவதுபோல் பரவியது. பள்ளங்கள் பளபளத்தன, மேடுகள் தீவுகளாயின, அந்தத் தீவுகளும் காணாமல் போயின. குருக்கள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் கடல் எங்கள் அவசரத்துக்கு வரவில்லை. நான்கு மணி தாண்டியபோது அது படகுகளைத் தொட்டிருந்தது. படகுகளுக்கும் கரைக்கும் நடுவே இன்னும் ஒரு பந்துத் திடல் அளவு சேறு. தூங்கியவர்கள் எழுந்து வந்து வரிசையாக நின்றார்கள். “வருது, வருது” என்றார் ஒருவர். “எங்க வருது? சனிக்கிழமைதான் வந்து சேரும்” என்றார் இன்னொருவர். பரமேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குருக்கள் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். சேற்றிலேயே இறங்கி நடக்கப் போகிறார் என்று தெரிந்தது.

லோரி நின்ற பக்கம்

அப்போதுதான் அந்தக் கூச்சல்.

“ஐயரே! இங்க! இந்தப் பக்கம் வாங்க! அங்க எதுக்கு நிக்கிறீங்க எல்லாரும்?”

மணியம். லோரியைக் கிளப்பத் தயார்செய்கிறேன் என்று போனவர். லோரியை அவர் கரையின் தென்கோடியில், மதகுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். அங்கே சேற்றை வெட்டிக்கொண்டு ஓர் ஓடை கடலுக்குப் போகிறது. படகுக்காரர்கள் இறங்கக் கல்படிகள் உண்டு. காலையில் அந்த ஓடை காய்ந்த பள்ளமாக இருந்தது. அதனால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் எதிரே பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் கடல் பக்கவாட்டில், தாழ்ந்த வழியாக, ஓடையை நிரப்பிக்கொண்டு வந்திருந்தது. பாதிப் படிகள் தண்ணீருக்குள் இருந்தன.

ஓடினோம். வயதானவர்களும் ஓடினார்கள். நாதஸ்வரக்காரர் ஓடிக்கொண்டே வாசிக்க முயன்று கைவிட்டார்.

படியருகே வந்ததும் ஒரு ஆன்டி மூக்கைச் சுளித்தார். “என்ன மணியம், இது காவாத் தண்ணிலா. ஆத்தாவுக்கு காவாத் தண்ணியா?”

“ஆன்டி, கண்ணத் தொறந்து பாருங்க. காவான்னா வெளிய போவும். இது உள்ள வருது. அந்தத் தேங்கா மட்ட எங்க போவுது பாருங்க!”

தேங்காய் மட்டை ஒன்று கடல் பக்கமிருந்து எங்களை நோக்கி மிதந்து வந்து, படிகளைக் கடந்து, மதகுப் பக்கம் போனது. அத்தனை பேரும் தலையைத் திருப்பி அதைப் பார்த்தோம்.

குருக்கள் குனிந்து, ஒரு கை நீரை அள்ளி நாக்கில் வைத்தார்.

“உப்பு” என்றார்.

“கேட்டீங்களா? உப்பு!” என்று மணியம் ஆன்டியிடம் திரும்பினார், தாமே போட்டதுபோல.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அம்மனை லோரியிலிருந்து இறக்கவே வேண்டியிருக்கவில்லை. லோரியின் பின்பக்கம் ஓடையைப் பார்த்தபடிதான் நின்றது. குருக்கள் சூலத்தோடு படியிறங்கினார். இடுப்பு, மார்பு. தண்ணீர் கழுத்தருகே வந்தபோது ஒரு நொடி நின்றார். அந்த நொடியை நானும் பரமேஸ்வரியும் பார்த்தோம். பிறகு முங்கினார். மூன்று முறை. மூன்றாவது முறை எழுந்தபோது கூட்டம் முழுக்கத் தண்ணீரில் இருந்தது. மேளம், குலவை, குழந்தைகளின் அலறல். மணியம் வழி காட்டிக்கொண்டு நின்ற படிக்கட்டு அவர் அறியாமலே முழுகி, அவருடைய நல்ல சப்பாத்துகள் இரண்டும் தண்ணீருக்குள் போயிருந்தன. கீழே பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிக் கரையில் எறிந்தார். கண்ணாடியை என்னிடம் நீட்டினார். “கொஞ்சம் புடிங்க அக்கா” என்று சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்து முங்கினார்.

கேமரா வைத்திருந்தவரும் முங்கிவிட்டதால் அன்றைக்குப் படம் எதுவும் இல்லை.

நிறைந்த பிறகு

ஆறரை மணிக்குக் கடல் முழுதாக வந்துவிட்டது. காலையில் கொக்கு நடந்த இடத்தில் படகுகள் நிமிர்ந்து மிதந்தன. என் பழைய செய்திகளில் இருந்த கடல் இதுதான். கற்களில் மோதித் தெளித்தது. அதே கடலை வெறும் சேறாகப் பார்த்த பிறகு, எனக்கு அதன் மேல் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது. கிழக்கே நிலா எழுந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் ஈர உடையை மாற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பரமேஸ்வரி ஆட்களை எண்ணினாள். இரண்டு பேர் குறைந்தார்கள்.

தேடிப் போனோம். மணியமும் குருக்களும் கரைச்சுவரில் உட்கார்ந்து கடலைப் பார்த்து வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

“காலையிலேயே வந்தா என்ன? விடியிறப்பவே தண்ணி முட்டிக்கிட்டு நிக்குமாம். எளநீர்க்காரி சொல்றா.”

“நட்சத்திரம் அப்ப இருக்கணுமேண்ணே. நாம நெனச்ச நேரத்துக்கு மகம் வராது.”

“சரி, அத நீங்க பாருங்க. மகம் எப்பன்னு தெரிஞ்சதும் எனக்கு போன் பண்ணுங்க. தண்ணி எப்பன்னு நான் விசாரிச்சு வைக்கிறேன். ரெண்டும் சேர்ற நேரம் பாத்து பஸ்ஸு சொல்லலாம்.”

குருக்கள் தலையாட்டினார். பிறகு ஆட்டியதை நிறுத்தினார்.

“அடுத்த வருஷத்துக்கா சொல்றீங்க?”

“பின்ன? இந்த வருஷந்தான் முடிஞ்சிருச்சே” என்றார் மணியம், வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே.